கறுப்புக்கு அடியில் நீலம்

விழுப்புரத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கும் ஒரு மல்லாட்டை மண்டி வாசலில் நின்றிருந்த கறுப்பு மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இன்ஜினுக்கு முன்னால் இறங்கும் சேஸிஸ் குழாயின் பின்புறத்தை விரலால் தடவினேன். அரிசி அளவுக்கு ஒரு சொட்டு, வழிந்து கெட்டியானது, விரலில் தட்டுப்பட்டது. அப்போது என் கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய நீல வண்டி திருடு போய் ஒரு வருடம்.

அந்தச் சொட்டு நான் போட்டது. கல்யாணமான புதிதில், யாரோ ஓட்டிக் கழித்த வண்டி ஒன்றை வாங்கி வந்தவர், பெயிண்டரிடம் விடாமல் ஸ்பிரே டப்பாக்களோடு வந்து நின்றார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் டேங்கையும் மட்கார்டையும் கழற்றித் துணிக்கொடியில் கம்பி போட்டுத் தொங்கவிட்டோம். இரண்டு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்ததுதான் பெரிய வேலை. தேய்க்காமல் அடித்தால் பெயிண்ட் பிடிக்காது, ஒரு மழைக்குத் தாங்காது என்பார். பிறகு சாம்பல் நிற பிரைமர் ஒரு கை, நீலம் மூன்று கை. சேஸிஸின் ஒரு பக்கத்தை என்னிடம் விட்டார். டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நான் ஒரு நொடி நிறுத்திவிட்டேன், வழிந்துவிட்டது. துடைக்கப் போனேன். "உடு, காயட்டும். உன் கையெழுத்தா இருந்துட்டுப் போவுது" என்றார்.

நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல, அவருடைய அண்ணனைப் பற்றி. மூத்தார் அந்த விழுப்புரம் மண்டியில் எடை போடுகிறவர். அவர் தராசில் நின்றால் விவசாயிகள் முள்ளைப் பார்க்கவே மாட்டார்கள், அவ்வளவு நல்ல பேர். காரியம் முடிந்த அன்று, "வண்டி சும்மா நின்னா பேட்டரி பூடும்மா, நான் ஓட்டிக்கினு இருக்கேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்து, திண்டிவனம் சந்தையில் நிறுத்தியிருந்த வண்டி காணாமல் போய்விட்டது என்றார். நான் எதுவும் கேட்காதபோதே, "திருவக்கரை காளி மேல சத்தியமா சொல்றேன், பூட்டிட்டுதாம்மா போனேன்" என்றார். என் எதிரில் தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, போனால் போகட்டும் மாமா என்று தேற்றியதும் நான்தான்.

மண்டி வாசலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தண்ணீர்ச் செம்பு. வண்டியை எடுத்துக்கொண்டதை ஒருவேளை மன்னித்திருப்பேன். கேட்டிருந்தால் கொடுத்தும் இருப்பேன். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, இன்றுவரை.

அன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் விதவை உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்தவள், வழி தவறித்தான் அந்தத் தெருவுக்குள் நுழைந்திருந்தேன். என் கணவருடையதைப் போலவே ஒரு வண்டி நிற்பதைப் பார்த்துத்தான் குனிந்தேன். நம்பர் வேறாக இருந்தது. நான் சத்தம் போடவில்லை. மனுவைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். போலீசுக்குப் போயிருக்கலாம். ஸ்டேஷனில் நாலு சுவருக்குள் பேசி முடித்துவிடுவார்கள். அவர் நல்ல பேர் எடுத்த இடத்திலேயே அது போக வேண்டும் என்று நினைத்தேன். அதை நினைத்தபடி ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை, மண்டியில் மூட்டைகள் குவிந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். பையில் வண்டியின் ஆர்.சி. புத்தகம், ஒரு பாட்டில் தண்ணீர், என் கணவர் மிச்சம் வைத்துப்போன உப்புத்தாள். வண்டி அதே இடத்தில் நின்றது. மூத்தார் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மண்டியிலேயே வைத்து ஓட்டியிருக்கிறார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். அதிகம் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. மூத்தார் அவசரத்தில் பழைய பெயிண்டைத் தேய்க்காமலே கறுப்பை அடித்திருந்தார். அது பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்தது. அடியிலிருந்து நீலம் வந்தது.

ஆட்கள் கூடினார்கள். யாரோ உள்ளே போய்ச் சொல்லி, மூத்தார் கையில் பிடித்த சணல் கயிற்றோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, இங்க இன்னா பண்ற?"

"தேய்க்கிறேன் மாமா."

"எதத் தேய்க்கிற?"

"காணாப்போச்சுன்னு சொன்னீங்களே, அந்த வண்டிய."

அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஏந்திரு. வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றார்.

"நீங்க போங்க மாமா. எனக்கு இன்னும் வேலை முடியல."

மூட்டை கொண்டுவந்திருந்த பனமலைக்காரர் ஒருவர் நான் பையிலிருந்து எடுத்து நீட்டிய ஆர்.சி. புத்தகத்தை வாங்கினார். அவர் சேஸிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, ஒரு லோடுமேன் வண்டிக் கழுத்தில் வெட்டியிருந்த நம்பரைத் துடைத்துவிட்டுத் திருப்பிச் சொன்னார். கடைசி எழுத்துவரை சரியாக இருந்தது.  பனமலைக்காரர் தன் ஆளிடம், "நம்ம மூட்டைய இன்னொரு வாட்டி எடை போடச் சொல்லு" என்றார். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மூத்தார் முகம் அப்படிச் செத்திருக்காது.

சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை. "எங்க எடுத்தீங்களோ அங்க கொண்டாந்து உடுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன். அன்று சாயங்காலம், பாதி கறுப்பும் பாதி நீலமுமான வண்டியை அவரே எங்கள் தெரு வழியாக ஓட்டிவந்து நிறுத்தினார். ஊரே வாசலில் நின்று பார்த்தது. அந்த வருடம் முடிவதற்குள் மண்டிக்காரர்கள் அவரைத் தராசிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கோடையில் வறண்ட ஏரிக்குள் விழுந்தெழுந்து வண்டி பழகினேன். பழைய நம்பரை மாட்டினேன். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வேலைக்கு அதில்தான் போகிறேன். ஆனால் பெயிண்ட் அடிக்கவில்லை. திட்டுத் திட்டாக அப்படியே விட்டேன். "இன்னாம்மா, வண்டிக்குச் சொறி புடிச்சிருக்கு?" என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம், அவசரமில்லாமல், முதலிலிருந்து சொன்னேன். பெட்ரோல் பங்கில் சொன்னேன், ரயில்வே கேட்டில் சொன்னேன். நேர் ரோடு இருக்கும்போதே மூத்தார் வீட்டுத் தெரு வழியாகச் சுற்றிப் போனேன்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. மூத்தாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து, ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். நான் அந்தத் தெருவில் போவது அங்கிருந்து தெரியும். போன மாதம் அவருடைய மனைவி, என் ஓரகத்தி, வந்தார். ஓரகத்தி மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. வண்டி விஷயம் அவருக்கும் அப்போது தெரியாது. முந்தானைக்குள்ளிருந்து இரண்டு ஸ்பிரே டப்பாக்களை எடுத்து வைத்தார். நீலம்.

"அவருதாம்மா வாங்கியாரச் சொன்னாரு. வாய் கோணிக்கினு அத மட்டுந்தான் சொல்றாரு. கண்ண மூடுறதுக்குள்ள அந்தக் கறுப்ப மறைச்சிடும்மா."

சரி அக்கா என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது ஒரு கணம் எனக்குள் ஏதோ அசைந்தது உண்மைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய பேப்பரைச் சுவரில் ஒட்டிவிட்டு, சமையலறை ஜன்னல் கம்பிகளுக்கு அந்த நீலத்தை அடித்தேன். இரண்டு டப்பாவும் சரியாக இருந்தது.

மறுவாரம் ஓரகத்தி வந்தார். ஜன்னலைப் பார்த்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். நான் வைத்த காபியைத் தொடாமலே எழுந்து போனார்.