சைக்கிள் டைனமோவில் பதிந்த பாட்டு

எங்கள் பொப் இசைக்குழு கலியாண வீடு, கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் பாடித் திரிந்தது ஒரு காலம். பிறகு ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனார்கள். போகிறபோது எங்கள் கசற்றுகளையும் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது நானும் என்னோடு சேர்ந்து பாடுகிற சிநேகிதனும்தான். அவனை நெருப்புக்காய்ச்சல் கொண்டுபோனது. ஆசுபத்திரியில் மருந்தில்லை. யுத்தமும் பொருளாதாரத் தடையுமாய்க் கிடந்த அந்த நாட்களில் வேறு எதுதான் இருந்தது, மருந்து இருப்பதற்கு?

அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் எவரோ எழுதிய வெண்பாக்கள் அவனைப் பெரிய சிவபக்தனாக்கியிருந்தன. திருவெம்பாவைக்கு விடிய எழும்பவே பஞ்சிப்பட்ட சோம்பேறி அவன். அந்த எரிச்சலில்தான் அவனுக்கென்று நானே ஒரு பாட்டுக் கட்டினேன்.

மின்சாரம் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவிலிருந்து ரேப் ரெக்கோடருக்கு வயர் இழுத்து, மனைவி கையால் பெடலைச் சுற்ற, நான் கிற்றாரோடு தனியே, வெறும் கசற்றொன்றின் ஒரு பக்கத்தில் மட்டும் பாடினேன். விறகு கொத்தித் தண்ணீர் அள்ளி அலுத்த கை அது. மெதுவாகத்தான் சுற்றியது. எனக்கும் அவசரப்படுத்தத் தெம்பில்லை.

அவன் குரல் எதிலும் இல்லையே என்று அவன் மனைவி செத்தவீட்டில் குழறி அழுதது என் காதிலேயே நின்றது. ரெக்கோடர், வயர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கோப்பாயிலிருந்து இணுவிலில் அவள் வீட்டுக்குச் சைக்கிள் உழக்கினேன். பாட்டொன்று கொண்டுவந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சைக்கிளைக் கவிட்டதும் பெடலை அவளே பிடித்துக்கொண்டாள். ஆசையில் வேகமாகச் சுற்றினாள். மெதுவாகப் பதிந்தது வேகமாக ஓட, என் குரல் அணில் கத்துவதுபோல வந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சிரித்துவிட்டாள். மெல்லச் சுற்றச் சொன்னேன். குரல் வழிக்கு வந்தது.

எங்கள் பாட்டுகளில் முதல் அடி என்னுடையது, அடுத்ததை அவன் எடுப்பான். முதல் அடி முடிய, அவள் குனிந்து ரெக்கோடரில் காதை வைத்தாள்.

"இனித்தானே அண்ணை அவர் எடுப்பார்?"

நான் சொன்னேன்: "இது அவன் போனாப்பிறகு பாடினது தங்கச்சி. நான் மட்டுந்தான்."

"ஓம்" என்றாள். கை நிற்கவில்லை. பாட்டு முடிந்து வெறும் ரேப் இரைந்துகொண்டு ஓடியது. அப்போதும் சுற்றினாள். போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரேப் முடிந்து 'டக்' என்று நின்றது.

"மற்றப் பக்கத்தையும் போடுங்கோ அண்ணை" என்றாள்.