விசிறி இரையும் சத்தம்

பழைய கணினிகளைக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் யாருடைய கணினி பழுதானாலும் என்னிடம்தான் வரும்.

பக்கத்து வீட்டு அக்கா, இறந்துபோன தன் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, அவருடைய கணினியைக் கொண்டுவந்தார்.

“தம்பி, இது நேற்று நிண்டுபோச்சு. ஒருக்காப் பாரும்.”

பவர் சப்ளை எரிந்திருந்தது, மாற்றினேன். உள்ளே விசிறியும் கரகரவென்று இரைந்தது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. அக்காவைக் கேட்காமலே புதியதைப் பூட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை அக்கா எங்கள் வாசல் படலையில் நின்றார்.

“தம்பி, இரையிற சத்தம் எங்கை?”

“புது விசிறி போட்டிருக்கிறன், அக்கா. இனிச் சத்தம் வராது.”

அக்கா மதிலுக்கு அப்பால் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“பின்னேரத்திலை அதைப் போட்டுவிட்டிட்டு நான் குசினியிலை சமைச்சுக்கொண்டு நிப்பன். சத்தம் கேட்டா அவர் அறைக்குள்ளை இருக்கிற மாதிரி.”

பழைய விசிறியைத் தேடியெடுத்து, தூசிகூடத் தட்டாமல் பூட்டிக் கொடுத்தேன். மதிலுக்கு அப்பால் அது இன்றும் இரைகிறது.

இப்போது என் கணினியும் இரையத் தொடங்கியிருக்கிறது. ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். நேற்று அதற்காகத்தான் கணினியை நிறுத்தி, மூடியைக் கழற்றினேன்.

குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, உள்ளை இருக்கிறியளே?”

“ஓம்” என்றேன். எண்ணெய் விடாமலே மூடியைப் பூட்டினேன்.