யார் பேரில் இந்தச் சாப்பாடு

ஆண்டிமடத்தில் பிரியாணி அண்டாவை என் லோடு வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் கான்வென்ட் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, முகாம் பிள்ளைங்க கேப்பாங்கப்பா. அக்கா மெட்ராசுக்கு வேலைக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிடு. இன்னிக்கு ஒருநாளாவது சிரிச்சிட்டு இருக்கட்டும்." சரி என்று தலையாட்டினேன். போட்ட முடிச்சை அவிழ்த்தேன், மறுபடி போட்டேன், மறுபடி அவிழ்த்தேன். அன்று என் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். எங்கள் வீட்டுச் செலவில்தான் சாப்பாடு.

எங்கள் பங்குக் கோயிலின் இளைஞர் குழு வருடத்தில் ஒருநாள் பெரம்பலூர் பக்கம் உள்ள இலங்கை அகதிகள் முகாமுக்குப் போகும். பாட்டு, விளையாட்டு, மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் திரும்பிவிடுவோம். குழுவில் இருந்தது அக்கா. நான் டிரைவர்தான், எட்டாவதோடு நின்றவன், மைக் பிடித்துப் பேச வராது. அக்கா ஜெயங்கொண்டத்தில் பியூட்டி பார்லரில் வேலை பார்த்தாள். கத்திரியும் சீப்பும் கொண்டுவந்து முகாம் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டுவிடுவாள். பெண்பிள்ளைகள் வரிசையில் நிற்கும். "ஏண்டி, இது தலையா தேங்கா நாரா? ஆடாதடி, காது போயிடும்!" என்று திட்டிக்கொண்டேதான் வெட்டுவாள். திட்டு வாங்குவதற்கென்றே சிலதுகள் மறுபடி வந்து வரிசையில் நிற்கும். அதில் ஒரு சுருட்டை முடிக்காரி, கண்ணாடியே பார்க்கமாட்டாள். "நீங்க சொல்லுங்கக்கா, நல்லாருக்கேனா?" என்பாள்.

அரியலூர் ரோட்டில், சுண்ணாம்புக்கல் லாரி. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. "அவ போனதுலேருந்து" என்பாள் அம்மா, ஊருக்குப் போனவளைச் சொல்வதுபோல. நான் அதைக்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கும் அதே ரோட்டில்தான் வண்டி ஓட்டினேன். எதிரே லாரி வரும்போதெல்லாம் ஸ்டியரிங் கையில் வழுக்கியது.

முகாமில் உட்கார முடியவில்லை. டயரைப் பார்த்தேன், அண்டா மூடியைத் திறந்து மூடினேன். வேப்பமரத்தடிப் பக்கம் போகவில்லை. சுருட்டை முடிக்காரி தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அக்கா எங்கண்ணா?"

"மெட்ராசுல. வேலை கெடச்சிருச்சு."

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "கேக் வரலியா?"

"ஏன், கேக்கு வேணுமா?"

"இல்லண்ணா. கேக் வந்தா பொறந்தநாள். வெறும் பிரியாணின்னா செத்தவங்களுக்கு. இங்க அப்படித்தான் வரும்." எந்த பஸ் எந்த ஊர் போகும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். "இன்னிக்கு யாருக்கு?"

தண்ணீர் கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் பெயர் சொல்வார்கள். பிறந்தநாள் என்றால் பிள்ளைகள் பாட்டுப் பாடும், நினைவு நாள் என்றால் கை கூப்பி அந்தப் பெயருக்கு ஆத்மசாந்தி சொல்லும். பாதிப் பேருக்கு மேல் எங்கள் கிறிஸ்தவ வேதம் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் எல்லாப் பெயருக்கும் சொல்லத் தெரியும். சிஸ்டர் இதை மறந்துவிட்டார். "உணவு தந்த குடும்பத்துக்காகச் செபிப்போம்" என்று மட்டும் சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை.

"பேரு சொல்லுங்க சிஸ்டர்," என்றாள் சுருட்டை முடிக்காரி. "பேரு தெரியாம எப்படிச் சாப்பிடறது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் தட்டோடு நிற்கிறார்கள். அக்காவின் சாப்பாடு, அவள் பெயர் இல்லாமல்.

"எங்க அக்காதான்," என்றேன். "ஒங்களுக்கு முடி வெட்டுவாளே, அவதான். செத்துட்டா." பெயரையும் சொன்னேன்.

பழகிய குரலில் எல்லாரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார்கள். பாதியில் குரல்கள் குறைந்தன. சுருட்டை முடிக்காரியின் குரல் கேட்கவே இல்லை.

அண்டாவைக் கழுவி ஏற்றும்போது வந்தாள். "அடுத்த வருசமும் வருவீங்களா? செத்தவங்களுக்குன்னு வர்றவங்க ஒரு வருசந்தான் வருவாங்க." நான் அண்டாவைச் சுற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

இந்த வருடம் குழு முதியோர் இல்லத்துக்குப் போகிறது. "கோயில்ல பூசை வச்சாச்சு, போதும்பா," என்றாள் அம்மா. நேற்று அக்காவின் இரண்டாம் நினைவு நாள். அரியலூரில் லோடு இறக்கியவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பெரம்பலூர் ரோட்டைப் பிடித்தேன். வண்டியில் ஒன்றுமில்லை. உள்ளே போக சிஸ்டர் வாங்கித் தரும் அனுமதியும் இல்லாததால், எஞ்சினை நிறுத்தாமல் முகாம் வாசலிலேயே நின்றேன். ஏன் வந்தேன் என்றே தெரியவில்லை. கிளம்பிவிடலாம் என்று கியரில் கை வைத்தபோது சுருட்டை முடிக்காரி ஓடிவந்தாள், பின்னால் அவள் அம்மா.

"தம்பி, இண்டைக்குத்தானே? பிள்ளை விடியத்தில இருந்து சொல்லிக்கொண்டு நிக்கிறாள்," என்றார் அந்த அம்மா. "எங்கட வீட்டில, போன ஆக்களுக்கு என்ன விருப்பமோ அதைச் சமைச்சுத்தான் படைக்கிறது. அக்காவுக்கு என்ன விருப்பம்?"

இத்தனை நாளில் என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. அக்கா பிரியாணியைத் தொடவே மாட்டாள்.

"கருவாட்டுக் குழம்பு," என்றேன். "கத்திரிக்கா நெறையப் போடணும்."

பிறகுதான் எஞ்சினை நிறுத்தினேன்.