ஒரு சொட்டுத் தண்ணீர் புகாத டபுள் பாஸ்

சனிக்கிழமை, காலை 5.40. முதுகுளத்தூர் பஸ் நிலையத்தில் ராமநாதபுரம் பஸ்ஸில் நானும் என் மகள் மதியும் ஏறி உட்கார்ந்தோம். டிக்கெட் ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். நான் பக்கத்துக் கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். கல்யாண மேளத்துக்குத் தலையாட்டியதைத் தவிர எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் இசையோடு யாருக்கும் எந்த ஒட்டும் கிடையாது. ஒரு வாத்தியம் வாங்கத்தான் கிளம்புகிறோம் என்று சொன்னால் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், ராமேஸ்வரம் போகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். புண்ணியம் தேடிப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

டபுள் பாஸ் என்பது வயலின் குடும்பத்தில் ஆகப் பெரியது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். நின்றுகொண்டு, கட்டிப்பிடித்த மாதிரி அணைத்துத்தான் வாசிக்க வேண்டும். மதி ஐந்தடி ஒன்பது அங்குலம். பள்ளியில் அவளை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டுப் பாடாய்ப் படுத்தினார்கள். மதுரையில் கல்லூரிக்குப் போனபோது, அங்கே இசைக்குழு நடத்திய பேராசிரியர் அவள் உயரத்தைப் பார்த்துவிட்டு மூலையில் கிடந்த டபுள் பாஸைக் காட்டினார். மூன்று வருடத்தில் அவள் வேறு பெண்ணாகிவிட்டாள். உயரத்தை மறைக்கக் குனிந்தே நடந்த கூனல் போய்விட்டது. இந்த வருடம் வெளிமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இசைப் படிப்புக்கு இடமும் கிடைத்தது.

கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை. சொந்த வாத்தியத்தோடு வர வேண்டும். சேரும் அன்றைக்கே அதில் வாசித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. சேரும் நாள் திங்கட்கிழமை. புதியது வாங்க எங்களால் முடியாது. முடிந்தாலும் கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும். கல்லூரி தன்னுடையதை இரவல் தர மறுத்துவிட்டது. ஆனாலும் நாங்கள் பதற்றமில்லாமல்தான் இருந்தோம், ஏனென்றால் தங்கச்சிமடத்தில் எங்களுக்காக ஒன்று காத்திருந்தது. சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வந்து, ஞாயிறு சாயங்காலம் ரயிலேறுவது என்று திட்டம்.

தேரிருவேலி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். ஆடி பிறந்தும் ஒரு தூறல் இல்லை. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. மதியின் மடியில் இருந்த நீளக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர், கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, தூண்டிலா அது?"

"வில்லுண்ணே. வாத்தியம் வாசிக்கிற வில்லு."

"வாத்தியம் எங்க?"

"அதை எடுக்கத்தான் போறோம்."

"வெறும் வில்லை வச்சுக்கிட்டா கெளம்புனீங்க!" என்று சிரித்துக்கொண்டே முன்னால் போனார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

காலை 7.15. ராமநாதபுரம். ஒன்றை மட்டும் பார்த்து எடுக்காதே, இரண்டையாவது பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்று பேராசிரியர் மதிக்குச் சொல்லியிருந்தார். அதனால் கேணிக்கரைப் பக்கம் மேடை அலங்காரம் செய்யும் ஒருவரிடம் ஒரு டபுள் பாஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டு முதலில் அங்கே போனோம். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். பிளாஸ்டிக் தாமரைகளுக்கும் தெர்மகோல் யானைகளுக்கும் நடுவில் அது நின்றது. பொன்னிறப் பெயின்ட்; முதுகில் ஓட்டை போட்டு உள்ளே நீல சீரியல் பல்பு. கம்பிகளுக்குப் பதிலாகத் துணி காயப்போடும் நைலான் கயிறு. கழுத்து ஒடிந்து, கதவுக்குப் போடும் போல்ட்டு போட்டு முடுக்கப்பட்டிருந்தது.

"ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை இது பக்கத்துல நின்னுதாங்க போட்டோ எடுப்பாக" என்றார் அலங்காரக்காரர்.

"சவுண்டு வருமாண்ணே?" என்றாள் மதி.

"சவுண்டுக்குத்தான் ஸ்பீக்கர் வச்சிருக்கோம்ல."

வெளியே வந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அதோடு சரி.

காலை 8.30. ராமேஸ்வரம் பஸ். தங்கச்சிமடத்துக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். உச்சிப்புளி வரை தென்னை, பிறகு மணல். மண்டபம் வந்ததும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஜன்னல் வழியே முகத்தில் அறைந்தது. பாம்பன் பாலத்தில் வடநாட்டு யாத்ரீகர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கடல் கலங்கி, சேறு கரைத்த நிறத்தில் இருந்தது. மதி எதையும் பார்க்கவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அந்த வீடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அது, தெரிந்தவர்கள் மூலம் விசாரித்துக் கண்டுபிடித்த தங்கச்சிமடத்து சூசை இரண்டு மாதம் முன்பு அனுப்பிய வீடியோ. சூசை படகு பழுது பார்ப்பவர். அவருடைய அண்ணன் மாதா கோயில் பாடகர் குழுவில் நாற்பது வருடம் டபுள் பாஸ் வாசித்தவர். எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுச் சாமியார் கொடுத்துவிட்டுப் போன வாத்தியம் அது. அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார். கோயிலில் கீபோர்டு வந்துவிட்டது. படிக்கிற பிள்ளை வாசித்தால் போதும், எடுத்துப் போங்கள் என்று சூசை சொல்லிவிட்டார். வீடியோவில் அவர் கம்பியைச் சும்மா விரலால் சுண்டுவார், அவ்வளவுதான். அந்த ஒலியை முதன்முதலில் கேட்டபோது மதி அழுதுவிட்டாள். நல்ல பழைய மரம்மா, ஓரத்தில் ஒரு விரிசல் மட்டும் இருக்கிறது, சார் அதை ஒட்டித் தந்துவிடுவார் என்றாள்.

காலை 10.05. தங்கச்சிமடம். சூசை பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கை முழுக்க, படகுக்குப் பூசும் ரெசின் பசை பட்டு வெடித்த தோல். "வாங்க டீச்சர், வா தாயி" என்று அழைத்துக்கொண்டு நடந்தார். வீட்டை ஒட்டி ஓலைக் கொட்டகை. இரண்டு பைபர் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. லோடு ஆட்டோ ஒன்றைக்கூட ஏற்பாடு செய்து நிறுத்தியிருந்தார். மூலையில் தார்ப்பாய் போர்த்தி நின்றதன் பக்கம் போய், பாயைச் சட்டென்று இழுத்தார்.

புதுப் படகு மாதிரி பளபளவென்று நின்றது அது.

"மேல்பலகையைப் பதமா நெம்பிக் கழட்டி, உள்ள ரெண்டு கோட்டு, வெளிய ரெண்டு கோட்டு. வள்ளத்துக்குப் போடுற அதே பைபர், அதே ரெசின். கடல்ல தூக்கிப் போட்டாலும் இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது" என்றார் சூசை. முகமெல்லாம் சிரிப்பு.

மதி கிட்டே போய் விரல் முட்டியால் மெல்லத் தட்டினாள். சத்தமே வரவில்லை. மறுபக்கம் தட்டினாள். உட்கார முக்காலி எடுத்துவர சூசை அந்தப் பக்கம் போனதும் என் காதருகே குனிந்தாள்.

"செத்துப்போச்சும்மா."

"என்னடி சொல்ற? பளபளன்னு இருக்கே."

"மரம் அதிரணும்மா. அதிர்ந்தாத்தான் சத்தம். அதிரவே விடாம உள்ளயும் வெளியயும் இறுக்கிட்டாங்க. இனி இதை உரிக்கவே முடியாது. இதுல வாசிச்சுக் காட்டுனா இடம் தர மாட்டாங்க. யாரும்மா இப்படிச் செய்யச் சொன்னது?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

பொய். அவள் கேட்டு முடிக்கும் முன்பே எனக்கு நினைவு வந்துவிட்டது. வீடியோ வந்த வாரம் சூசையிடம் நான்தான் போனில் பேசினேன். மதி அப்போது விடுதியில் இருந்தாள். "விரிசல் ஒண்ணு இருக்கு டீச்சர், அடைச்சு வைக்கவா?" என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டியானாலும் தாழ்வாரத்து ஓடானாலும் விரிசலைக் கண்டால் எனக்குத் தூக்கம் வராது. "அடைச்சு வச்சா நல்லதுதாண்ணே" என்றேன். பசை தடவுவார் என்று நினைத்தேன். அதைக்கூட நினைத்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டு மிளகாய் வத்தல் அள்ளப் போய்விட்டேன். மதியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

அந்த நேரம் சூசையின் மனைவி மேரி வந்து டீ குடிக்க உள்ளே கூப்பிட்டார். போனேன். அவர் பாலைக் காய்ச்சிக்கொண்டே பேசினார்.

"பதினஞ்சு நாளு வேலைக்கே போவல டீச்சர். அண்ணன் சாமான், பாத்துப் பாத்துச் செய்யணும்னு ராத்திரி பகலா அது பக்கத்துலயே கெடந்தாரு. முதல்ல தொடவே பயந்தாரு. நீங்க அடைக்கச் சொன்னீங்கன்னுதான் துணிஞ்சு கை வச்சாரு."

அவர் நீட்டிய டீயை வாங்கி அப்படியே கீழே வைத்தேன். அப்போது கொட்டகையிலிருந்து மதி வாசிக்கும் ஒலி கேட்டது. அதை ஒலி என்று சொல்லலாமா தெரியவில்லை. வாயில் துணியை அடைத்துவிட்டு ஒருவனைப் பேசச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை, பத்து நிமிடத்துக்கு மேல், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை முழுதாக வாசித்தாள். சூசை தரையில் குந்தியிருந்தார். கண்ணீர் தாடை வரை இறங்கியிருந்தது.

"எங்க அண்ணன் வாசிச்ச மாதிரியே இருக்கு" என்றார். "எப்படித் தாயி இருக்கு? சரியா அடைச்சிருக்கேனா?"

"நல்லா இருக்கு அங்கிள்" என்றாள் மதி. "ரொம்ப நல்லா அடைச்சிருக்கீங்க."

"அப்ப ஆட்டோவுல ஏத்திரலாமா?"

"இல்ல அங்கிள். எங்க சார் இதுக்குன்னு ஒரு பெட்டி அனுப்புறதாச் சொல்லியிருக்காரு. பெட்டி இல்லாமக் கொண்டுபோனா வழியில அடிபட்டுரும். பெட்டி வந்ததும் நானே வந்து எடுத்துக்கிறேன்."

அப்படி ஒரு பெட்டியே கிடையாது. இத்தனை சரளமாக அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சூசை யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று தார்ப்பாயை எடுத்து, பிள்ளைக்குப் போர்த்துவது போல மெதுவாகப் போர்த்தினார். மேரி கருவாடு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பகல் 12.20. திரும்பும் பஸ். கூட்டமில்லை. பாம்பன் கடந்து பாலத்தில் ஏறியதும் காற்றில் பஸ் லேசாக ஆடியது. பக்கத்தில் புதிய ரயில் பாலம். வேறொரு நாளாக இருந்தால் அதன் நீளம், உயரம், கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி மேலே எழும்பும் விதம் எல்லாம் விசாரித்து எழுதியிருப்பேன். அன்றைக்கு என் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வில் இருந்த குழாயைக் காலுக்கடியில் போட்டிருந்தாள். இனிச் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"மதி, நான்தான் சொன்னேன். போன்ல. விரிசலை அடைக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"நீ டீ குடிக்கப் போனப்பவே அவர் சொல்லிட்டாரு. உங்க அம்மா சொல்லித்தான் பிரிச்சேன், இல்லாட்டி எங்க அண்ணன் சாமானத் தொட்டிருக்க மாட்டேன்னாரு."

"அப்புறம் ஏன்டி என்னை அங்கனயே கேக்கல? நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?"

"திட்டியிருந்தா அவருக்குப் புரிஞ்சிருக்கும்ல."

அவள் அழவில்லை; நான்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். முன் சீட்டில் இருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, யாருடைய அஸ்தியையோ கடலில் கரைத்துவிட்டு வருகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மாலை 4.30க்கு வீடு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதி பேராசிரியரிடமும் பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக்குப் பொறுப்பானவரிடமும் போனில் பேசினாள். விதி விதிதான் என்றார்கள். திங்கட்கிழமை அவளுடைய இடம் அடுத்தவருக்குப் போனது. எங்கள் ஊர்க் காற்று காய்ந்த காற்று. இங்கே எல்லாவற்றிலும் விரிசல் விழும். அதை அடைத்துக்கொண்டேதான் பாதி ஆயுள் போகிறது. கடலோரத்தில் எதுவும் ஒழுகக் கூடாது, ஒழுகினால் உயிர் போய்விடும். சூசை தன்னுடைய ஊர் அறிவை வைத்துச் செய்தார். நான் எதை வைத்துச் சொன்னேன்? கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மதி இப்போது முதுகுளத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் எழுதுவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை தங்கச்சிமடத்திலிருந்து போன் வருகிறது. பெட்டி வந்துவிட்டதா, தார்ப்பாயை மாற்றிப் போர்த்தியிருக்கிறேன், பிள்ளை எப்போது வருகிறது என்று சூசை கேட்பார். அந்த நம்பரைப் பார்த்தால் நான் எடுப்பதில்லை. மதிதான் எடுத்து, "இன்னும் வரல அங்கிள், வந்ததும் வாரேன்" என்கிறாள்.