கங்கில் சுட்ட அரசாணிக்காய் சூப்பு

தேநீர் அவள் வாயின் இடது ஓரமாக வழிந்தது. நான் சிரித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக அவள்தான் என்னைப் பார்த்துச் சிரிப்பவள். அன்று என் முறை என்று நினைத்தேன்.

அவள் என்னைத் திட்ட வாயைத் திறந்தாள். சொல் குழறியது. இடது கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. அப்போதும் நான் குனிந்து டம்ளரைத்தான் எடுத்தேன். நிமிர்ந்தபோது அவள் முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அன்று வந்த பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வீட்டில் இதே நோயோடு ஒருவரை வைத்துக்கொண்டு பயந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மனைவி பெயர் மாதேஸ்வரி. இரண்டு பேருக்கும் ஊர் ஹனூர் பக்கம். மைசூர் விஜயநகரில் ஒரு மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறோம். இன்னும் கரிப் பெட்டிதான். நான் தேய்ப்பேன். வீடு வீடாகப் போய்த் துணி வாங்குவது, பேசுவது, தேவைப்பட்டால் சண்டை போடுவது எல்லாம் அவள். எனக்கு ஆட்களிடம் பேச வராது. யாராவது முகத்தைப் பார்த்து ஏதாவது சொன்னால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவேன்.

மருத்துவமனையில் பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் அடைத்துக்கொள்வது) என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இரண்டு வாரத்தில் கால் ஊன்ற ஆரம்பித்தாள். கையிலும் கொஞ்சம் பிடி வந்தது. பேச்சும் மெதுவாகத் திரும்பியது. தொண்டை மட்டும் திரும்பவில்லை.

டிஸ்ஃபேஜியா (விழுங்கும் கோளாறு) என்று ஒன்று இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. அவளுக்கு அது தாமதமாக மூடியது. வாயில் போடுவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து, ஒரு சோதனை பார்த்துவிட்டு, குழாயை எடுத்தார்கள்.

விழுங்கும் பயிற்சி தரும் ஒரு பெண் எங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். என் மகள் பவித்ராவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கன்னடத்தில்தான் பேசினார்.

“கெட்டியா, கட்டியில்லாம, ஒரே மாதிரி இருக்கணும். ஸ்பூனைச் சாய்ச்சா மொத்தமா ஒரே உருண்டையா விழணும். ஒழுகக் கூடாது. தண்ணிதான் ரொம்ப ஆபத்து. அது வேகமா ஓடிடும், தொண்டை மூடறதுக்குள்ள உள்ள போயிடும்.”

“உள்ள போனா இருமுவாங்க, அல்வா?” என்று பவித்ரா கேட்டாள். அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி கன்னடம் இருக்கும்; ‘அல்வா’ என்றால் ‘இல்லையா’.

“சில பேருக்கு இருமலே வராது. சத்தமில்லாம போயிடும். ஒவ்வொரு வாய்க்கும் அப்புறம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. குரல்ல ஈரம் கேட்டா உடனே நிறுத்திடுங்க.”

ஈரக் குரல் என்றால், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் களகளவென்று கேட்பது. அவரே பேசிக் காட்டினார். வராந்தாவில் நடந்துகொண்டே இன்னும் ஏதோ சொன்னார். பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் போன சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பவித்ரா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். “புரிஞ்சுதா?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

வீட்டில் முதல் பத்து நாள் ராகிக் கூழ். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பிறகு அவள் ஒரு வார்த்தை பேச வேண்டும். என்ன வார்த்தை என்பதை அவளே முடிவு செய்துகொண்டாள்.

“ஊமைக்கோட்டான்.”

அடுத்த ஸ்பூன்.

“கரிமூஞ்சி.”

அடுத்த ஸ்பூன்.

“பேச்சு வந்ததும் வராததுமா என்னையத் திட்டத்தான் வேணுமா?” என்றேன்.

“டாக்டரம்மா சொல்லியிருக்குதுங்க” என்றாள்.

அவள் திட்டுவதை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். என்ன சொல்கிறாள் என்பது காதில் விழாது. குரல் உலர்ந்திருக்கிறதா என்பது மட்டும்தான் விழும். பதினைந்து ஸ்பூன் கொடுத்து முடிப்பதற்குள் என் சட்டை வேர்வையில் நனைந்துவிடும். பத்தாவது நாள் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“செவுத்துக்குப் பூசற கலவையா இது? எனக்கு வேண்டாமுங்க.”

அன்றைக்கும் மறுநாளும் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிடாவிட்டால் மறுபடி குழாய்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்போதுதான் மூலைவீட்டு டீச்சரம்மா வண்டிக்கு வந்தார். ஓய்வு பெற்றவர், மாதேஸ்வரியிடம் மணிக்கணக்கில் பேசுவார். வண்டியில் அவள் இல்லாததால், அவளுக்கு என்ன என்று என்னிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் மகள் ஏதோ குளிர் நாட்டில் இருக்கிறாளாம். அங்கே இலையுதிர்காலத்தில் மஞ்சள் பூசணியையும் ஆப்பிளையும் சுட்டு, மசித்து, சூப்பு வைப்பார்களாம்.

“அவங்க ஓவன்ல சுடறாங்க. உனக்கெதுக்கப்பா ஓவன்? காலையிலிருந்து கையில நெருப்பை வெச்சுக்கிட்டுத்தானே நிக்கிற” என்றார்.

மஞ்சள் பூசணியை எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம். புரட்டாசியில் நல்ல காய் வரும். ஆப்பிளும் அந்த மாதத்தில்தான் தள்ளுவண்டிகளில் குவிந்திருக்கும். மதியம் வேலை முடிந்ததும் பெட்டியிலிருந்த கனிந்த கரிக் கங்கை இரும்புச் சட்டியில் கொட்டினேன். காயைப் பெரிய துண்டுகளாக வெட்டித் தோல் அடியில் இருக்கும்படி வைத்தேன். ஆப்பிளை முழுதாகவே போட்டேன். அரை மணியில் காயின் ஓரம் கறுத்து, உள்ளே சதை குழைந்து, நீரெல்லாம் சுண்டிவிட்டது. ஆப்பிள் தோல் வெடித்து, அதன் சாறு கங்கில் விழுந்து சுர்ரென்றது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விட்டுவிட்டுப் போகவில்லை.

சதையைச் சுரண்டி, மிக்சியில் அடித்து, மல் துணியில் தேய்த்து வடித்தேன். உப்பு, சலித்த சீரகப் பொடி ஒரு சிட்டிகை. மிளகு போடக் கூடாது, தொண்டையைக் கிளறும். ஸ்பூனைச் சாய்த்தேன். ஒரே உருண்டையாக விழுந்தது.

மாதேஸ்வரி முதல் ஸ்பூனை வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். விழுங்கினாள். நான் வார்த்தைக்குக் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

“இன்னொண்ணு குடுங்க” என்றாள். குரல் உலர்ந்திருந்தது.

அதன் பிறகு மூன்று வாரம் தினமும் அதே சூப்புதான். அவள் முகத்தில் சதை பிடித்தது. இனி சரியாகிவிடும் என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. முதல் நாளே இஸ்திரிப் பெட்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, வண்டி மேல் வைத்துவிட்டோம். அன்று பெட்டியில் நெருப்புப் போடக் கூடாது. என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். தரையில் தனியாகக் கரி மூட்டலாமா என்று யோசித்தேன். அதுவும் அதே கரிதானே என்று மனம் ஒப்பவில்லை.

“சுட்டா என்னப்பா, குக்கர்ல வெச்சா என்ன? எல்லாம் ஒந்தே அல்வா?” என்றாள் பவித்ரா. எல்லாம் ஒன்றுதானே என்று எனக்கும் பட்டது. காயையும் ஆப்பிளையும் குக்கரில் வைத்தேன். அடித்து, வடித்து, ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தேன். உருண்டையாகத்தான் விழுந்தது. மூடி வைத்துவிட்டுப் பூஜை செய்தோம்.

பூஜை முடிந்து வர அரை மணியாகியிருக்கும். மாதேஸ்வரிக்குப் புதுப் புடவை கட்டிவிட்டிருந்தாள் பவித்ரா. வெளியே மாலை போட்ட வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் கலக்கிப் பார்க்காமல் கொடுக்க ஆரம்பித்தேன். ஏழெட்டு ஸ்பூன் வரை ஒன்றுமில்லை. கிண்ணத்தில் பாதி குறைந்த பிறகு ஒரு ஸ்பூன் கொடுத்தேன்.

“கரிமூஞ்சி” என்றாள்.

களகளவென்று கேட்டது. இருமவில்லை. அவள் கண்கள் பளபளப்பாக இருந்தன. வாயைத் திறந்து வைத்திருந்தாள். நான் இன்னும் இரண்டு ஸ்பூன் கொடுத்தேன்.

சாயங்காலம் சுரம் வந்தது. மூச்சு வாங்கியது. அதே மருத்துவமனை, அதே வராந்தா. நிமோனியா (நுரையீரலில் கிருமி தொற்றி நீர் கோப்பது) என்றார் டாக்டர்.

“சாப்பிடும்போது ஏதாவது வித்தியாசமா இருந்ததா? குரல் மாறுச்சா?”

“ஹாரன் சத்தமுங்க. கேக்கலீங்க” என்றேன்.

அது பொய். கேட்டது. நல்ல நாளும் அதுவுமாகப் பாதியில் நிறுத்த மனமில்லை. ஒருவேளை எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்று சொல்லிக்கொண்டேன். டாக்டரிடமும் மகளிடமும் நான் சொல்லாததை இங்கே சொல்கிறேன், நீங்களாவது நிறுத்துவதற்காக.

“இன்னொரு முறை இப்படி நுரையீரலுக்குப் போனா தாங்க மாட்டாங்க” என்றார் டாக்டர். “அப்புறம் வாய் வழியா எதுவும் கிடையாது. வயித்துல நேரா குழாய் போட்டுடணும்.” மூக்கில் மறுபடி குழாய் ஏறியது. பதினோரு நாள் நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மூச்சு இயந்திரத்தின் சத்தம் மாறும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

பயிற்சி தரும் பெண் வந்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக நானாகப் போய் ஒருவரை நிறுத்திப் பேசினேன். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன், அந்த இரண்டு ஸ்பூனைத் தவிர.

“தட்டுல ஊத்தி வெச்சுப் பாருங்கன்னு சொல்லியிருந்தேனே. பத்து நிமிஷம் கழிச்சு ஓரத்துல தண்ணி பிரிஞ்சா கொடுக்கக் கூடாது. வேகவெச்ச காய்ல தண்ணி நிக்கும். சுட்டதுல நிக்காது.”

அன்று வராந்தாவில் காதில் விழாமலேயே நான் தலையாட்டிய வாசகம் அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் மாதேஸ்வரியிடம் சொன்னேன். குழாய் போட்ட மூக்கோடு சுவரில் சாய்ந்திருந்தாள். “உன்ற குரல் மாறுனது எனக்குக் கேட்டுச்சு புள்ள. கேட்டும் குடுத்துட்டேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“எனக்கும் தெரியுமுங்க” என்றாள். “அது தண்ணியா இருந்துச்சு. தொண்டைல ஓடுச்சு. ரெண்டு மாசமா ஒண்ணுமே ஓடலீங்க. அதுக்குத்தான் வாயத் தொறந்தேன்.”

நான் அவள் காலடியில் போய் உட்கார்ந்தேன்.

மார்கழியில் மறுபடி சோதனை செய்து குழாயை எடுத்தார்கள். மறுபடி கங்கு, மறுபடி அரசாணிக்காய். ஆப்பிள் கிடைக்காத நாளில் பேரிக்காய். இப்போது ஒரு தட்டில் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருவேன். ஒரு பொட்டு நீர் பிரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி சுடுவேன். அவள் பசியில் கத்துவாள். கத்தட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மருத்துவமனையில் சொல்வது புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். நான்கு முறை கேட்டாலும் அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்தாலும் கேளுங்கள்.

மாசி மாதம் பயிற்சி தரும் அந்தப் பெண் சொன்னார், இனி தினமும் ஒரு ஸ்பூன் வெறும் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று. வாயை நன்றாகத் துலக்கிய பிறகு, தாடையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஸ்பூன். அவரை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

மறுநாள் காலை ஸ்பூனில் தண்ணீர் எடுத்தேன். பாதி சிந்தியது. மறுபடி எடுத்தேன். தூக்க முடியவில்லை. மாதேஸ்வரி என் கையிலிருந்து ஸ்பூனைப் பிடுங்கி, தாடையைத் தாழ்த்தி, தானே வாயில் விட்டுக்கொண்டாள்.

அவள் தொண்டை ஏறி இறங்கியது. வார்த்தை வரவில்லை. என் காதில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. அவள் கண்களை மூடியிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“ஏனுங்க, மூச்ச விடுங்க” என்றாள். “எனக்கு எறங்கிருச்சு.”

உலர்ந்த குரல். ஆனாலும் அரை மணி நேரம் அவளை நிமிர்ந்து உட்கார வைத்திருக்க வேண்டும். சாயங்காலம் வரை சுரம் வருகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாள் என்பது இப்போது எனக்கு அவ்வளவு நீளம்தான். அதற்கு அப்பால் என்னால் பார்க்க முடிவதில்லை.

என் வாயில் எச்சில் ஊறி நின்றிருந்தது. நானும் தாடையைத் தாழ்த்தி அதை மெதுவாக விழுங்கினேன். ஐம்பது வருடமாக அதுவாகவே இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.