தலைவருக்கு வந்த மயக்கம்

மலேசியாவின் ஈப்போவில், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களுக்காக எங்கள் சங்கம் நடத்திய கூட்டத்தில் அந்தப் பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பேச்சுக்கு நடுவே லேசான மூச்சிழுப்பு. சங்கத் தலைவர் எதைச் சொன்னாலும் ஓங்கிக் கைதட்டினார்.

"ஓய்வுபெற்றவர்களுக்கு இனி சங்கச் செலவுல வைத்தியம் பார்க்கிற கிளினிக் அட்டை கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று தலைவர் அறிவித்தார். அதற்கும் தட்டினார்.

எனக்கு எரிச்சல். "எதுக்குண்ணே தட்டுறீங்க?"

"தட்டாட்டித் தூக்கம் வருதுலா."

பிறகு அவரே எழுந்து பணிவாகக் கேட்டார்: "தலைவரே, உங்க அட்டையும் போச்சா, இல்ல இருக்கா?"

மண்டபமே சிரித்தது. தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. தள்ளாடி நாற்காலியில் சாய்ந்தார். முதலில் மேடைக்கு ஓடியவர் இவர்தான். தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தலைவரே, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போலாம். எனக்கு அங்க வரிசையெல்லாம் பழக்கம்."

தலைவர் பதறி நிமிர்ந்தார். "ஐயோ, அங்க வேணாம்லா! பிரைவேட்டுக்குக் கொண்டுபோங்க!"

மைக் அணையவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அந்த மனிதர் அக்கறையோடுதான் கூப்பிட்டாரா, மைக்கைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாரா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. தலைவரைக் காரில் ஏற்றும்போது, வெயில் படாமல் குடை பிடித்தவரும் அவர்தான்.