ஷெர்லின் எட்டுப் போட்ட நாள்

ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் யாரும் எழுந்து நின்று பேசுவது அந்தத் திருவொற்றியூர்ச் சபையில் வழக்கமில்லை. தொண்ணூற்றொன்பதாம் வருடம், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஷெர்லின் எழுந்து நின்றாள்.

சபைச் செயலர் ராசையா அண்ணாச்சி அப்போதுதான் தீர்மானத்தைப் படித்து முடித்திருந்தார். மறைந்த சகோதரர் எபினேசரின் ஆட்டோவைச் சபையே நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தைப் பிள்ளைகள் இருவர் பேரிலும் தபாலாபீஸில் போட்டு வைக்கும். அவர் மனைவி ஷெர்லினுக்குச் சபைப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. சபை மொத்தமும் ஆமென் சொன்னது.

"ஐயா, அது என் வண்டி" என்றாள் ஷெர்லின். போதகரைப் பார்த்துத்தான் சொன்னாள். குரல் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டது. "விக்கலாமா வேணாமான்னு என்னாண்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல. நான் விக்கல. நானே ஓட்டப் போறேன்."

ஆலயத்துக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

சபை அவளைக் கைவிட்ட சபை அல்ல. ஐப்பசி மழையில் எபினேசர் மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்திருக்காமலே போனபோது, அடக்கம் வரைக்கும் எல்லாவற்றையும் எடுத்துச் செய்தது சபைதான். ராசையா அண்ணாச்சியின் மளிகைக் கடையிலிருந்து மாதாமாதம் அரிசி வந்தது. அவர் மனைவி ஞானபாக்கியம், பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, தன் பெரிய வீட்டை விட்டுவிட்டு ஷெர்லினின் ஒற்றை அறையில் பாய் போட்டு அவளோடும் பிள்ளைகளோடும் பல நாள் படுத்திருந்தாள். ஷெர்லினைக் குளிக்க வைத்ததும் சாப்பிட வைத்ததும் ஞானபாக்கியம்தான். இதையெல்லாம் ஷெர்லின் மறக்கவில்லை. அதனால்தான் எதிர்த்து நிற்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை கடைக்கே போனாள். அண்ணாச்சி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, சபை நடுவுல வச்சு இப்படிக் கேட்டுட்டியே. நாங்க உனக்குக் கெடுதலா செய்யுதோம்?"

"நல்லதுதான் செய்றீங்க அண்ணாச்சி. என்னைக் கேட்டுட்டு செய்ங்கன்றேன்."

"ஹார்பர் லாரிக நடுவுல ஒரு பொம்பளப் பிள்ள ஆட்டோ ஓட்டுறதா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்லுதது? விதவைகளை விசாரிக்கணும்னு வேதத்திலேயே இருக்கு. உன்னை விட்டுட்டு நாங்க எங்க போவோம்?"

"விசாரிக்கறதுன்னா கேக்கறதுதானே அண்ணாச்சி? கேளுங்க. நின்னுகினுதானே கீறேன்."

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "ஆயா வேலை வேண்டாம்னா வேண்டாம்னு எழுதிக் குடு" என்று உள்ளே போய்விட்டார்.

ஆட்டோ ஓட்டுவது அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதில், ஞாயிறு மத்தியானங்களில், எண்ணூர் கடற்கரைச் சாலையில் வண்டி நடமாட்டம் குறைவான இடமாகப் பார்த்து எபினேசர்தான் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தான். "நீ கியர் போட்டா வண்டி தும்முது புள்ள" என்று சிரிப்பான். இப்போது அவனோடு ஸ்டாண்டில் இருந்த சௌக்கத் அலி பக்கத்தில் உட்கார்ந்துவர, தினமும் விடிந்ததும் அதே சாலையில் ஓட்டிப் பழகினாள். கடல் ஒருபக்கம் இரைய, எதிரே கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு வர, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுவாள். இறங்கும்போது மட்டும் முகம் மலர்ந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியத்தின் உபவாச ஜெபம். எல்லோரும் ஜெபிக்கப்போவதே ஷெர்லினுக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனாள். போய், எல்லோருக்கும் நடுவில் முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று ஞானபாக்கியம் கண்ணீர் விட்டு ஜெபித்தாள். ஒவ்வொருத்தியும் ஜெபித்தாள். ஷெர்லினின் முறை வந்தது.

"ஆண்டவரே, இவங்க எல்லாரும் எனக்காகப் பசியோட இருக்காங்க. இவங்கள மாதிரி எனக்கு யாரு கீறாங்க? ஆனா ஒண்ணு சொல்லணும் ஆண்டவரே. கண்ணு தெரியாதவன் உம்ம முன்னால வந்து நின்னான். அவனுக்கு இன்னா வேணும்னு உமக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும், நான் உனக்கு இன்னா செய்யணும்னு அவனாண்ட கேட்டீரே. நீரே கேட்டீர். என்னாண்ட மட்டும் யாருமே கேக்கலியே ஆண்டவரே."

அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள். அறையில் யாரும் ஆமென் சொல்லவில்லை. ஞானபாக்கியம் கண்ணைத் திறந்தாள். முழங்காலிலேயே நகர்ந்து அவள் எதிரே வந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சரி பிள்ள. கேக்குதேன். உனக்கு நாங்க என்ன செய்யணும்?"

ஷெர்லின் சண்டைக்குத் தயாராக வந்திருந்தாளே தவிர, இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை.

"காலைல நான் வண்டி எடுத்தா பசங்கள ஸ்கூல்ல வுடணும். சாயந்தரம் பக்கத்து வூட்டு தாயம்மா பாத்துக்கறேன்னுச்சு, அதுவும் மீன் விக்கப் போற நாள்ல முடியாது" என்று மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம்... லைசென்ஸ் டெஸ்டுக்குத் தனியாப் போக பயமா கீது."

டெஸ்ட் நாளன்று மைதானத்தில் வாகன ஆய்வாளர் தலைநிமிர்ந்து பார்த்தபோது, வெள்ளைச் சேலையும் குடையுமாக ஒரு பெரிய பெண்கள் கூட்டம் வந்துகொண்டிருந்தது. கூடவே, மீன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தாயம்மா.

"யாரும்மா நீங்கள்லாம்?"

"நாங்க இந்தப் பிள்ளைக்கு வேண்டியவங்க" என்றாள் ஞானபாக்கியம்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

ஷெர்லின் கம்பியை இழுத்து வண்டியைக் கிளப்பினாள். முதல் வளைவிலேயே என்ஜின் நின்றுபோனது. வரிசையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ஆய்வாளர், "இன்னொரு வாட்டிதான்" என்றார். அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். வண்டி உறுமியது. முதல் வட்டம் வந்தது. குறுக்கே வெட்டித் திரும்பும் இடத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, பெண்கள் அத்தனை பேரும் "இயேசுவே!" என்று அலறினார்கள்.

"நிறுத்தாத! வுடாத! போய்க்கினே இரு!" என்று தாயம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

ஷெர்லின் நிறுத்தவில்லை. இரண்டாவது வட்டம் முழுசாக வந்து முடிந்தது. என்ஜின் நிற்காமலே எட்டுப் போட்டுவிட்டாள். ஆய்வாளர் தலையாட்டியதுதான் தாமதம், மைதானத்தில் குடைகள் எழும்பின. யாரோ பாட்டெடுத்தார்கள். சிரித்த ஆண்களே கை தட்டினார்கள். ஞானபாக்கியம் ஓடிவந்து, வண்டியிலிருந்து இறங்கக்கூட விடாமல் அவளைக் கட்டிக்கொண்டாள்.

ராசையா அண்ணாச்சி மனம் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. அதன்பிறகும் வெகுநாள் அவர் வேறு ஆட்டோ பிடித்துத்தான் போனார். ஆனால் மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஷெர்லின் வீடு திரும்பிவிட்டாளா என்று கடையிலிருந்து ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கதவடைப்பார். அதை அவள் தடுக்கவில்லை.

டெஸ்ட் முடிந்த அன்றைக்கு யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. எல்லோருக்கும் ஏறிப் பார்க்க வேண்டும். மூன்று மூன்று பேராக ஏற்றிக்கொண்டு, சௌக்கத் அலியைப் பக்கத்தில் ஒட்டி உட்காரவைத்து, கடற்கரைச் சாலையில் ஷெர்லின் திரும்பத் திரும்பப் போய்வந்தாள். உப்புக்காற்றில் வெள்ளைத் தலைப்புகள் இரண்டு பக்கமும் பறந்தன.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போ பிள்ள!" என்றாள் ஞானபாக்கியம்.